தனுஷ்கோடிப் பள்ளிச் சுவரில் ஆணி வேண்டாம்



நம்மில் தனுஷ்கோடி பார்க்காதவர் குறைவு. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு கூட்டத்துக்குக் கேட்பானேன்! இடிந்த மாதா கோயிலைப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், பாசிமாலை வாங்கித் திரும்புகிறோம். கூரையில்லாமல் நிற்கும் பள்ளிக்கூடத்தை நின்று பார்ப்பவர் சிலரே.

நம் கடைக்கு அது வாடிக்கை ஊர். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து போட் மெயில் அங்கே வரும். பயணிகள் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். சுங்க அலுவலகம், தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. பாம்பனில் சாலைப் பாலம் வந்ததோ 1988-இல்தான். ஆகவே நம் தகப்பனார் காலத்தில் ராமநாதபுரம் மண்டியிலிருந்து அரிசியும் பருப்பும் ரயிலேறித்தான் போயின.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலையில் போயிற்று. பிறகு, குடியிருக்கத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை, பள்ளியிலும் மணி அடிக்கவில்லை.

நம் பழைய பேரேட்டில் தனுஷ்கோடிப் பற்று அந்த டிசம்பரோடு நிற்கிறது. தகப்பனார் பாக்கி கேட்கவில்லை. யாரிடம் கேட்பது? உயிர் தப்பி ராமேஸ்வரம் வந்த கடைக்காரர் ஒருவருக்கு மறுபடியும் கடனுக்குச் சரக்குப் போட்டார். அவர் மகன் எழுபதைத் தாண்டியும் இன்று நம் வாடிக்கையாளர்.

சென்ற மாதம் அவரோடு அந்தப் பள்ளிக்குப் போனோம். "இந்த ஜன்னலோரம்தான் அண்ணாச்சி என் இடம். ரயில் சத்தம் வந்தால் வாத்தியார் வாய்பாட்டை நிறுத்திவிடுவார். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து சொல்ல வேண்டும்" என்றார். அந்த வாய்பாட்டை வைத்துத்தான் இன்றும் கடைக்கணக்குப் போடுகிறாராம், கால்குலேட்டர் தொடுவதில்லை.

அவர் காட்டிய ஜன்னலுக்குக் கீழே புதிதாக ஓர் ஆணி. அதில் ஒரு பாசிக்கடையின் தார்ப்பாய்க் கயிறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேத்திக்கு அந்தக் கடையிலேயே ஒரு மாலை வாங்கினார்.

கடைக்காரர்களும் நம்மவர்களே. உப்புக்காற்றில் நின்று நாலு காசு பார்ப்பவர்களை விரட்டச் சொல்ல நமக்கு மனமில்லை. விரட்டினால் முதலில் நாமே எதிர்ப்போம். ஆனால் அறுபது வருடம் கடற்காற்றில் அரித்த சுவர் எத்தனை ஆணியைத் தாங்கும்? கடைக்கு நாலு சவுக்குக் கம்பு நட்டால் சுவரைத் தொடவே வேண்டியதில்லை. அந்தச் செலவைச் சங்கம் ஏற்கலாம். இது என்ன கட்டடம், இங்கே யார் படித்தார்கள் என்று ஒரு பலகை வைக்கவும் அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கலாம்.

அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். கம்புச் செலவுக்கு நம் கடைப் பங்கைப் பொருளாளரிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டோம்.