பழுத்த ஓலையும் குருத்தோலையும்

தோழனே! செயங்கொண்டத்தில் முதியோர் உதவித்தொகைக்குக் காத்திருக்கும் கிழவர் ஒருவரை மனக்கண் முன் நிறுத்திப் பார். 1995க்கு முன் அவர் திருச்சி மாவட்டத்துக்காரர். 1995இல் பெரம்பலூர், 2001இல் அரியலூர், 2002இல் மறுபடி பெரம்பலூர், 2007இல் மறுபடி அரியலூர்! வீடு மாறினாரா? இல்லை. வேலி நகர்ந்ததா? இல்லை. மாறியது ஏட்டில் வரைந்த எல்லை!

ஏட்டைத் திருத்திய எழுத்தருக்கு, எது ஏன் மாறிற்று என்பது தெரியும். ஏடு கணினிக்குள் புகுந்த பின் அதை அறிந்தவர், நிரல் எழுதியவர். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டால்?

‘என்ன குடி முழுகிவிடும்?’ என்று ஏளனம் பேசுவோர் உளர். அவர்களை அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துக்கு அழைக்கிறேன். 2020 ஏப்ரல். கொரோனாக் கொடுமையால் வேலையிழந்தோர் இலட்சக்கணக்கில் உதவித்தொகை கேட்டு நின்றனர். கணக்குப் பார்க்க வேண்டியதோ, நாற்பதாண்டு கடந்த மெயின்பிரேம் என்னும் பெருங்கணினி. அதன் மொழி கோபால்! நம் தெருக் கோபால் அல்ல, தோழனே. 1959இல் உருவாகத் தொடங்கிய கணினி மொழி. அதை அறிந்தோர் தொண்டராக வாரீர் என்று ஆளுநர் பில் மர்பி நாடறிய வேண்டினார். செல்வம் கொழிக்கும் நாடு, செய்தொழில் அறிந்தவனுக்காகக் கையேந்திற்று!

அம்மொழிக்கு வழிகோலியவருள் ஒருவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். 1966 இறுதியில் அமெரிக்கக் கடற்படை அவருக்கு ஓய்வு தந்தது. 1967இல் அதே கடற்படை, கோபாலை ஒழுங்குபடுத்த ஆறு மாதம் வருக என்றழைத்தது. ஆறு மாதம் ஆண்டுகளாய் நீண்டது; இடையில் விடைகொடுத்தும் மீண்டும் அழைத்தது. 1986இல், எழுபத்தொன்பதாம் வயதில்தான் இறுதி விடை!

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆயினும் நாடக மேடை எனக்கொரு பாடம் புகட்டியிருக்கிறது. பழைய நாடகத்தை மீண்டும் மேடையேற்றக் கையெழுத்துப் படி மட்டும் போதாது. எந்த வரியை ஏன் வெட்டினோம் என்றறிந்த வாத்தியாரும் வேண்டும்.

ஆகவே, அரசின் கணினிப் பணிக்கு அனுபவசாலியைத் தேடுவோரே, இடர் வந்த பின் இலவசத் தொண்டுக்கு அழைக்காதீர்! தக்க ஊதியம் தந்து முன்னரே அமர்த்துவீர்! அவரருகே, பெரம்பலூரிலும் அரியலூரிலும் பொறியியல் முடித்து வேலைக்கு ஏங்கும் இளைஞர் இருவரையும் நிலையான பணியில் அமர்த்துவீர்! அவர் போகுமுன் அவரறிந்தது அவர்களிடம் சேரட்டும். அப்போதுதான், எல்லை எத்தனை முறை மாறினாலும், செயங்கொண்டத்துக் கிழவரின் பணம் வழி தவறாது.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம், பழமொழி அது. நம் அலுவலகங்களிலாவது, சிரிப்பை விடுத்துக் குருத்தோலை பாடம் படிக்கட்டும்!