தலையிடி என்றால் கள்ளமா?

"பள்ளிக்கூடம் போகப் பஞ்சி, அதற்கொரு சாட்டு." பிள்ளை தலையிடி என்றதும் எம்மில் பலரது வாயில் முதலில் வருவது இதுதான். அடுத்ததாக வருவது ஒரு பனடோல். இரண்டும் அவசரப்பட்ட தீர்ப்பு என்பதே எமது எண்ணம்.

பிள்ளைகளுக்கும் ஒற்றைத் தலையிடி வரும். பெரியவர்களுக்குப் போல ஒரு பக்கம் குத்தாமல் நெற்றி முழுவதும் இடிக்கலாம். வயிற்றைப் பிரட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. இருட்டில் ஒரு தூக்கம் போட்டு எழும்பினால் பிள்ளை விளையாடப் போய்விடும். அதைக் கண்டுதான் கள்ளம் என்கிறோம். அந்த நோயின் போக்கே அப்படித்தான்.

தகரக் கூரையின் வெக்கையில் தூக்கம் குறைவு. காலையில் வெறும் தேத்தண்ணீர், பிறகு வெயிலில் நடை. தலை இடிக்காமல் என்ன செய்யும்? கவலையும் சேர்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியபோது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவில் நாம் காணியையும் கடனையும் பற்றிக் கதைப்பதைப் பாயில் கிடந்து அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே பேசப்படாத ஒன்றும் உண்டு. மலசலகூடம் துப்பரவில்லாத பாடசாலையில் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிட்டு, மத்தியானம் தலையிடியோடு வீடு வருகிறார்கள். இதற்குக் கடையில் மருந்து இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள். இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்று பின்வாங்கில் இருக்கத் தேவையில்லை.

பனடோலைப் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். கிழமையில் மூன்று நாள், நான்கு நாள் என்று தொடர்ந்தால் மாத்திரையே தலையிடியை வளர்க்கும். அஸ்பிரின், டிஸ்பிரின் போன்றவற்றை வைத்தியர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். டெங்குக் காய்ச்சலில் அவை இரத்தப்போக்கை உண்டாக்கும்.

நூல் கட்டுவதையும் செபிப்பதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலோடு பிடரி விறைத்தால், வலிப்பு வந்தால், விடியப்புறம் தலையிடியோடு எழும்பிச் சத்தியெடுத்தால், பார்வை மங்கினால், தலை அடிபட்டபின் பிள்ளை மயங்கி மயங்கித் தூங்கினால், அன்றைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் கூலி போகும்தான்; போகட்டும்.

மற்றத் தலையிடிகளுக்கு ஒரு பழைய கொப்பி போதும். வந்த நாள், நேரம், அன்று சாப்பிட்டது, தூங்கியது, கொடுத்த மாத்திரை எல்லாவற்றையும் பிள்ளையைக் கொண்டே எழுதுவியுங்கள். கிளினிக்கில் வைத்தியர் கேட்பதும் இவற்றைத்தான்.