டிரைவருக்கு ஒரு பாட்டு எங்கே?



எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "பஸ்ஸில் பாட்டுப் போடுவதைத் தடை செய்ய வேண்டும். பாட்டைக் கேட்டுத்தான் இந்த டிரைவர்கள் பறக்கிறார்கள்." கீழே வரிசையாகக் கைதட்டல். தட்டியவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அதனால் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பறக்க வைப்பது பாட்டு இல்லை அய்யா, டைமிங். காலாப்பட்டு நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று ஈ.சி.ஆர். சாலையைப் பாருங்கள், புரியும். முன்னால் போகிற வண்டி ஆளை அள்ளிக்கொண்டால் பின்னால் வருகிறவருக்குக் கலெக்‌ஷன் போச்சு, படியும் போச்சு. இரண்டு நிமிடம் பிந்தினால் அடுத்த வண்டிக்காரர் சண்டைக்கு நிற்பார்.

2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தொலைதூர வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல். உங்களுக்குத் தெரிந்த லாரி டிரைவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். 2022இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். மத்திய அரசு கொடுத்த கணக்கு இது. அதிவேகம்தான் பெரிய காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. வண்டியை அந்த வேகத்துக்குத் துரத்துகிறவன் யார் என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை.

சரி, பாட்டுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் ஆத்திரம் அங்கேதான். பஸ்ஸுக்குள் ஆயிரம் பாட்டு ஓடுகிறது. அதில் வண்டி ஓட்டுகிறவர் பிழைப்பைப் பற்றி எத்தனை?

"பாட்ஷா இருக்கே சார்" என்பீர்கள். இருக்கிறது. 1995இல் வைரமுத்து எழுதி, தேவா இசையில் எஸ்.பி.பி. பாடிய ஆட்டோக்காரர் பாட்டு இல்லாமல் இன்றும் ஆயுத பூஜை நடக்காது. மரியாதை கொடுத்த பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டோக்காரர் யார்? இடைவேளை தாண்டினால் பம்பாய் தாதா! 1985இல் வந்த 'படிக்காதவன்' டாக்சி டிரைவர்? நீதிபதியின் தம்பி. 'பையா'வில் படம் முழுக்கக் கார் ஓடுகிறது, யுவன் பாட்டும் ஓடுகிறது. ஓட்டுகிற பையன் டிரைவரே இல்லை, அந்தப் பெண் அப்படி நினைத்துக்கொள்கிறாள். டிரைவர் வெறும் டிரைவராக இருந்தால் நம் சினிமாவுக்கு அவர் மேல் பாட்டு வராதா?

இது நம் பழைய வழக்கமும் இல்லை. ஏற்றம் இறைத்தவருக்குப் பாட்டு இருந்தது, நாற்று நட்டவருக்கு இருந்தது. வலை இழுத்த கடற்கரை மக்களுக்கு அம்பாப் பாட்டு. 1964இல் 'படகோட்டி'க்கு வாலி எழுதியபோதுகூட மீனவர் பிழைப்பு பாட்டுக்குள் வந்தது. காளை போய் டீசல் வந்ததும் பாட்டு வண்டியை விட்டு இறங்கிவிட்டது.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள் பாருங்கள். 1957இல் ஜான் ஆக்ஸன் என்ற ரயில் எஞ்சின் டிரைவர், நீராவிக் குழாய் உடைந்து பிரேக் பிடிக்காமல் சரிவில் ஓடிய வண்டியை விட்டுக் குதிக்காமல் நின்று செத்தார். அடுத்த ஆண்டே ஈவன் மக்கால், பெக்கி சீகர், சார்லஸ் பார்க்கர் மூவரும் சேர்ந்து பி.பி.சி. வானொலிக்காக அவரைப் பற்றி ஒரு பாட்டுக்கதை செய்தார்கள். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவரோடு வேலை பார்த்தவர்களிடம் போய், அவர்கள் பேச்சையே பாட்டுக்கு நடுவில் வைத்தார்கள். 1959இல் எம்1 நெடுஞ்சாலை போட்ட கூலியாட்களுக்கும் ஒன்று. ஆக்ஸன் கடைசிவரை எஞ்சின் டிரைவர்தான். யாருடைய தம்பியும் இல்லை.

நாமக்கல்லிலிருந்து முட்டை லோடு கிளம்புகிறது. தார்ப்பாய் கட்டுகிற கிளீனர் பையன், செக்போஸ்ட்டில் நீளும் கை, டீக்கடையில் முகம் கழுவிவிட்டுத் தூக்கத்தோடு மறுபடி ஏறுவது, பிள்ளையின் பிறந்தநாளை போனில் பார்ப்பது. கவிஞர்களுக்கு இதற்கு மேல் என்ன சரக்கு வேண்டும்?

தம்பிகளா, பாட்டை நிறுத்தச் சொல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள். தமிழில் லாரி டிரைவரையோ பஸ் டிரைவரையோ அவர் வேலைக்காகவே பாடிய பாட்டு தெரிந்தால் கீழே எழுதுங்கள். கடைசியில் தாதாவாக மாறாதவராக இருக்க வேண்டும்.