ஒரு புள்ளிதானே?

தில்லி நேரு பிளேசில் வாங்கிய விலையுயர்ந்த மடிக்கணினியை வீட்டில் திறந்ததும், திரையில் அசையாத கரும்புள்ளி ஒன்று தெரிகிறது எனக் கொள்வோம். "ஒரு புள்ளிதானே!" என்பார் விற்பவர். 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 நுண்புள்ளிகள் உள்ளன. ஒன்று பழுதாதல் நேரக்கூடியதே. சில நிறுவனங்கள் இத்தனை புள்ளிகள் வரை குறையன்று என விதியே வகுத்துள்ளன. அவ்விதியை விற்குமுன் கூறியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. முழு விலை கொடுத்தவர் ஏன் கூச வேண்டும்?

இந்தியில் வாதாட இயலாதென நம் பெற்றோர் சிலர் வாளாவிருந்துவிடுகின்றனர். வாதாட வேண்டியதில்லை. பற்றுச்சீட்டையும் திரையின் ஒளிப்படத்தையும் இணைத்து, அன்றே கடைக்கு எழுதுக. பயனில்லையெனில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் முறையிடலாம். அதன்பின், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வாழும் மாவட்டத்தின் ஆணையமே வழக்கை ஏற்கும், வழக்கறிஞர் கட்டாயமில்லை.