முதுமைக்குத் தேவை முகம் தெரிந்த டாக்டர்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி தூரமில்லை. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் பக்கத்திலிருக்கும் திருவள்ளூரும் ஒன்று. கட்டடம் வந்தது, டாக்டர்கள் வந்தார்கள். ஆனால் சுகர், பிரஷர், மூட்டுவலி மூன்றோடும் காலம் தள்ளும் எழுபது வயதுக்காரர் தேடுவது, போன மாதம் தன்னைப் பார்த்த அதே டாக்டரை.

ஓபி சீட்டோடு வரிசையில் நின்று உள்ளே போனால், அன்று பணியில் யார் இருக்கிறாரோ அவர்தான் டாக்டர். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லவும் நேரம் ஏது? 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடம், இந்தியாவில் சுமார் 2 நிமிடம் என்கிறது. வாசலில் அத்தனை பேர் காத்திருக்கையில் டாக்டரை மட்டும் நொந்து பயனில்லை.

இதன் விலையைக் கொடுப்பது முதியவரின் உடம்பு. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சுகர் மாத்திரை, தெருமுனை கிளினிக்கில் வேறு பெயரில் அதே மருந்து, இரண்டையும் விழுங்குகிறார். வயதானால் சிறுநீரகம் தளரும், சில மருந்துகள் ரத்தத்தில் தங்கிவிடும். சுகர் இறங்கி, மயங்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழுந்து நடப்பதே பாடு. மொத்த மாத்திரைகளையும் ஒருவரே பார்த்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம்.

தொழிலாளிக்கு இஎஸ்ஐ இருக்கிறதே என்பார்கள். குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதில் வெளியேறியவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் சிகிச்சை தொடரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒப்பந்தக்காரர் மாற மாறக் கம்பெனி கம்பெனியாக அலைந்தவர், ஓய்வு பெற்றதற்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? 2024இல் 70 வயதைக் கடந்தவர்களுக்கு விரிவாக்கப்பட்ட 5 லட்ச ரூபாய் அரசு மருத்துவக் காப்பீடும் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். மாதாமாதப் பரிசோதனைக்கு உதவாது.

முதியோர் மருத்துவத்தில் தமிழகம் பின்தங்கிய மாநிலமல்ல. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 2024இல் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை வந்தது. ஆனால் மாத்திரை வாங்க மாதாமாதம் காக்களூரிலிருந்து கிண்டிக்கு ரயில் மாறி மாறிப் போக முடியுமா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு நார்வேயைப் பார்க்கலாம். அங்கே 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒரு டாக்டர் உண்டு. ஒரே டாக்டரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களிடையே இறப்பு வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைந்திருந்ததாக அந்நாட்டு ஆய்வு காட்டியது.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அறுபது கடந்தவர்களை ஒரு குறிப்பிட்ட டாக்டரின் பெயரில் பதிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். டாக்டர் மாற்றலாகிப் போனால், அவர்களின் சிகிச்சைக் குறிப்பு நோட்டைப் புதியவரிடம் நேரில் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். சுகாதாரத் துறை இதைக் காக்களூர் போன்ற தொழிலாளர் ஊர்களில் முதலில் தொடங்க வேண்டும்.