சுவரில் எழுதிய எண்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குள் போனவர்களுக்குத் தெரியும். அறைச் சுவரிலேயே எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று எழுதியிருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அந்த எண் எதற்கு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மர் பலகையில் இருக்கும் எண்ணை மட்டும், "அதெல்லாம் சும்மா போட்டிருப்பான், கொஞ்சம் கூட ஓட்டலாம் சார்" என்கிறோம்.

நான் வேலை பார்த்த அச்சகத்தில் 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர். காலண்டர் சீசனில் லோடு 300ஐத் தொட்டது. முதலாளி இரண்டு பெடஸ்டல் ஃபேன் வாங்கி ரேடியேட்டர் பக்கம் நிறுத்தினார். எண்ணெய்ச் சூடு இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். சரியென்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் வருஷம் சீசன் நடுவில் சுருள் எரிந்தது.

ஃபேனே கூடாது என்று சொல்ல வரவில்லை. துணைமின் நிலையங்களில் '10/16 எம்விஏ' என்று பலகையிலேயே இரண்டு எண் போட்ட டிரான்ஸ்பார்மர்கள் உண்டு. ஃபேன் ஓடாவிட்டால் 10, ஓடினால் 16. அவற்றில் சுருள், புஷிங், டேப் சேஞ்சர் எல்லாமே 16க்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. நாங்கள் ஃபேனை மட்டும் வாங்கினோம்.

250க்கு 300 என்றால் 20 சதவீதம்தானே என்று தோன்றும். சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக ஏறும்; அதாவது 44 சதவீதம் கூடுதல். ஃபேன் எண்ணெயை ஆற்றும். சுருளுக்கும் எண்ணெய்க்கும் உள்ள சூட்டு வித்தியாசமோ லோடோடு சேர்ந்து ஏறும். எண்ணெய்த் தெர்மாமீட்டர் அதைக் காட்டாது. சுருளைச் சுற்றியிருப்பது காகிதம். மிகச் சூடான இடம் 98 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அந்தக் காகிதம் இரண்டு மடங்கு வேகத்தில் கிழடாகும். முழு லோடில் 98 என்பதே சுற்றுவெப்பம் 20 டிகிரி என்று வைத்துப் போட்ட சர்வதேசக் கணக்கு. விருதுநகரில் 20 டிகிரியை எத்தனை நாள் பார்த்திருக்கிறோம்?

2024 கோடையில் வட மாநிலங்களில் டிரான்ஸ்பார்மருக்கு ஏர்கூலர் வைத்த படங்களைப் பார்த்துச் சிரித்தோம். ஒரு ராத்திரி நெருக்கடிக்கு அது பரவாயில்லை. அதையே வருஷக்கணக்கில் செய்தவர்கள் நாங்கள்.

லோடு கூடினால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுக்கணும், பெரிய டிரான்ஸ்பார்மர் போடணும். செலவுதான். ஆனால் உள்ளே நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் இருக்கிறது. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் காகிதக் கட்டு, அதற்கடுத்து ஆட்கள். மருந்தறைச் சுவரில் இருக்கும் எண்ணுக்கு உயிர்பயத்தில் கொடுக்கும் மரியாதையை இந்தப் பலகைக்கும் கொடுங்கள்.