சராசரிக்குள் மறையும் ஊர்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருவீதியில் இருக்கிறது தர்மபுரம். இனக்கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்தை விட்டு வந்தோர் பலர் காடு திருத்திக் குடியேறிய ஊர். போரினால் மறுபடியும் பெயர்ந்து, 2009க்குப் பின் மீண்ட ஊர். சென்ற மாதம் அவ்வழியே பஸ்ஸில் சென்றேன். வீதி செப்பமாகத்தான் இருக்கிறது. வீதியோரத்து வாழ்வு அவ்வளவு செப்பமாக எனக்குத் தோன்றவில்லை.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் நிதி ஆணைக்குழுவுக்கு ஓர் அருமையான கடமையை விதித்தது. மாகாணங்களுக்குப் பணம் பகிரச் சிபாரிசு செய்கையில், செல்வம் மிக்க மாகாணத்துக்கும் ஏனையவற்றுக்கும் இடையிலான தலா வருமான வேறுபாட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியத்தையும் அது கருத வேண்டும். குறை சொல்ல நான் யார்? ஆனால் அதன் அளவுகோல் மாகாணம்.

2016ஆம் ஆண்டு அரசாங்கப் புள்ளிவிபரத்தின்படி, வறியோர் கிளிநொச்சியில் 18.2 சதவீதம், முல்லைத்தீவில் 12.7, வவுனியாவிலோ 2 மட்டுமே. யாவும் வட மாகாணமே! யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் சேர்த்துச் சராசரி கண்டால் 7.7. கிளிநொச்சியின் துயர் அதற்குள் பாதிக்குமேல் கரைந்துவிடுகிறது.

கொழும்பிடம் நாம் கேட்கும் நியாயத்தை, கிளிநொச்சி யாரிடம் கேட்பது? 2013இல் தெரிவான வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி ஆளுநரின் நிருவாகமே நடந்தது. சபை மீண்டும் கூடும் நாளிலாவது, கண்டாவளை போன்ற பிரதேசங்களின் வறுமைக் கணக்கைத் தனித்தனியே முன்வைத்து, அதன்படியே பணத்தைப் பகிர வேண்டும். மாகாணக் கணக்கைக் காட்டினால் போதாது.